பஸ்ஸுக்கு மாவிலை

முள்ளிமேட்டுக் குப்பத்துக்கு பஸ் வந்த கதையை ரத்னாவின் தூக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும். அப்பேர்ப்பட்ட தூக்கம் அது. விடியும் நேரத்தில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வாள். கண்ணை முக்கால்வாசி மூடிக்கொள்வாள். ஏரியின் மேல் பனி கலையலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் ஒரு வெள்ளை, உப்பளம் ஒரு வெள்ளை, வானம் ஒரு வெள்ளை. பஸ் ரோட்டில் போகிறதா, ஏரிமேல் மிதந்துகொண்டு போகிறதா என்றே தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டும் என்று அவளுக்கு ஆசையும் இல்லை.

மீன்கூடைக்காரிகள் கண்டக்டரோடு போடும் சண்டை எங்கோ அக்கரையில் நடப்பதுபோல் காதில் விழும். யாருடைய கூடையிலிருந்தோ சொட்டும் தண்ணீர் அவள் காலடியில் ஓடும். யாருடைய கோழியோ அவள் மடியை மிதித்துக்கொண்டு போகும். அவள் அசையமாட்டாள். மீஞ்சூர் வரும்வரை அவள் யார் வீட்டு மருமகளும் இல்லை, யாருக்கும் பெண்டாட்டியும் இல்லை. அந்த ஒரு பயணம் மட்டும் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது. அங்கே கம்பெனியில் டப்பா மூடிகளைப் புரட்டிப் புரட்டி நெளிசலைப் பொறுக்கிப் போடுகிற வேலைகூட இந்தத் தூக்கத்துக்காகத்தான் பிடித்திருந்தது என்றால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, எனக்குத் தெரியாது. அவளே சொன்னது.

பட்டணத்து பஸ்களையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு நடத்த ஆரம்பித்த மறுவருஷம் அது. உப்பளங்களுக்கு நடுவே மண்ணைக் கொட்டி, கூட்டுரோட்டிலிருந்து குப்பம்வரைக்கும் புதிதாக ஒரு ரோடு போட்டிருந்தார்கள். அதுவரை கூட்டுரோட்டோடு திரும்பிப்போய்க்கொண்டிருந்த பஸ்ஸை, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, குப்பத்துக்கும் வந்துபோகச் சொன்னார்கள். நிரந்தரமாக இல்லை. ஓட்டிப்பார்ப்பது, சரிப்பட்டு வந்தால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் எடுத்துவிடுவது என்று பேச்சு.

பஸ் வந்த பிறகுதான் ரத்னாவால் வேலைக்குப் போகமுடிந்தது. அதற்கு முன்னால் அவள் மாமியார் செல்லியம்மாள் வாசற்படி தாண்ட விட்டதில்லை. கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள், பயந்தவள். தண்ணீருக்குப் பயப்படமாட்டாள், ஏரி எவ்வளவு கொந்தளித்தாலும் மீன்கூடையோடு படகில் ஏறிப் போய் விற்றுவிட்டு வருகிறவள். தரைக்குத்தான் பயம். அந்தப் புது ரோட்டைப் பற்றி அவள் மனசுக்குள் ஒரு பெரிய காடே வளர்ந்திருந்தது. பாம்பு, முள்ளுப்புதர், லாரிக்காரன்கள், இன்னும் பேர் தெரியாத என்னென்னவோ. ஆகையால் அவள் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

“பஸ்ஸு இங்க வந்து ஏத்திக்கினு போயி, இங்கியே கொண்டாந்து எறக்கி உட்டா போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது என்னிக்கி நிக்குதோ, அன்னிக்கி ஒன் வேலையும் நின்னுபோச்சு. அப்பால என்னோட ஏரியில எறங்கி எறால் தடவு.”

ரத்னாவின் புருஷன் ராஜவேலு தாய் சொல்லுக்கும் தலையாட்டுவான், பெண்டாட்டி சொல்லுக்கும் தலையாட்டுவான். இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி அவன் கழுத்துக்கே ஒரு சுளுக்கு வந்திருக்கவேண்டும். அவனால் ஆனது அவ்வளவுதான். ஆகவே ரத்னாவின் வேலை, சம்பளம், அந்த வெள்ளைக் காலைகள், எல்லாம் நாலு சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருந்தன. சேற்றில் இடுப்பளவு இறங்கிக் கையால் இறால் தேடுவது அவளுக்குத் தெரியாததல்ல. சின்ன வயசில் செய்ததுதான். திரும்பப் போக அவளுக்கு மனசில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கண்டக்டர் ஆதிகேசவன் பஸ்ஸை விட்டு இறங்கி நின்று, எல்லாரும் கேட்கும்படி ஒரு சேதி சொன்னார். மேலேயிருந்து ஒரு ஆபீசர் வரப்போகிறார், திங்கட்கிழமை காலை இந்த பஸ்ஸிலேயே வந்து திரும்பிப் போவார், பஸ் எப்படி ஓடுகிறது என்று பார்த்து எழுதுவார், அவர் எழுதுவதை வைத்துத்தான் பஸ் நிலைக்குமா நிற்குமா என்று முடிவாகும். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் சும்மா போயிருக்கலாம். வழக்கமான எரிச்சலில் இன்னொன்றையும் சேர்த்துவிட்டுப் போனார். அன்றைக்காவது கூடைத் தண்ணீரை வடித்துவிட்டு வாருங்கள், இந்த நாற்றத்தையும் இடிபிடியையும் பார்த்தால் அந்த மனுஷன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவான் என்றார். நல்ல மனுஷன்தான். வாய்தான் சும்மா இருக்காது.

குப்பத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஸ்ஸில் ஏறும்போது தாங்கள் எப்படி ஏறுகிறோம் என்பதை அன்றுதான் முதல்முதலாக நினைத்துப்பார்த்தார்கள். ஜன்னல் வழியாக முந்தானையைப் போட்டு இடம் பிடிப்பது, படியில் தொங்குவது, கூடைக்கு லக்கேஜ் சீட்டு வாங்கமாட்டேன் என்று ஊரைக் கூட்டுவது. ஒரு ஆபீசர் பார்த்தால் மானம் போகும்.

நாட்டாமை பரசுராமன் கோயில் மேடையில் பஞ்சாயத்தைக் கூட்டினார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கூடையை வாழையிலையால் மூடலாம் என்றாள் ஒருத்தி. கூடைக்காரிகள் மட்டும் நின்றுவிடுவது, மற்றவர்கள் போவது என்றான் ஒருவன். அவனைக் கூடைக்காரிகள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் ரத்னா எழுந்து நின்றாள். பெண்கள் கூட்டத்தில்கூட வாயைத் திறக்காத பெண் என்று பேர் வாங்கியவள் அவள். எழுந்து நின்றதே பெரிய விஷயம்.

“பொண்ணு பாக்க வந்தா இன்னா பண்ணுவோம் மாமா? அதத்தான் பண்ணணும்,” என்றாள்.

முள்ளிமேட்டில் பெண் பார்க்க வருவதென்றால் அதற்கு ஒரு முறை உண்டு. முதல் நாளே வீட்டை ஒழித்துவிடுவார்கள். வலை, துடுப்பு, கருவாட்டுக் கூடை, சட்டி பானை எல்லாம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஜனங்களும் போய்விடுவார்கள். பெண்ணும், பக்கத்தில் துணைக்கு ஒருத்தியும், வாசலில் வரவேற்க ஒரு பெரியவரும் மட்டும்தான் இருப்பார்கள். வந்தவர்களுக்கு வீடு விசாலமாகத் தெரியவேண்டும். அடித்துப்பிடித்துக்கொண்டு வாழ்கிற குடும்பம் என்று நினைத்துவிடக்கூடாது. வந்தவர்கள் திரும்பிப்போகும் வழியில் உறவுக்காரர்கள் எதிர்ப்பட்டால்கூட முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள், நாங்கள் யாரோ என்கிறமாதிரி. ரத்னாவைப் பார்க்க வந்தபோது அவளுடைய ஜனம் அத்தனையும் சவுக்குத்தோப்பில் பட்டினியாக உட்கார்ந்திருந்தது. அவ்வளவு பெரிய அன்பு அது. அவள் அதை மறந்ததே இல்லை.

கூட்டத்தில் எல்லார் முகமும் தெளிந்தது. இதைவிட முறையான யோசனை வேறென்ன இருக்கமுடியும்? ஆதிகேசவனைக் கேட்கலாமா என்று யாரும் நினைக்கவில்லை. அவருக்கும் ஒரு சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை, வெளுப்பதற்கு முன்னாலேயே முள்ளிமேடு கிளம்பி நடந்துவிட்டது. கம்பெனிக்குப் போகிறவர்கள், கூடைக்காரிகள், கோழி விற்கிறவன், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய கர்ப்பிணி கங்கம்மாகூட. ராஜவேலு இரண்டு கூடைக்காரிகளின் சுமையைத் தன் தலையில் வாங்கிக்கொண்டான். செல்லியம்மாள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கடைசியில் கிளம்பினாள். ஊர் ஒன்று செய்யும்போது அவள் மட்டும் வீட்டில் குந்தியிருந்தால் நன்றாக இருக்குமா? கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஒரு கோலையும் கையில் எடுத்துக்கொண்டு போனாள். பாம்புக்கு.

பஸ் நிற்கும் இடத்தில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. வேப்பமரத்துக்கும் மைல்கல் பக்கத்துக் கம்பத்துக்கும் நடுவில் மாவிலைத் தோரணம். நாட்டாமை கையில் இளநீர். ரத்னா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, பஸ் என்கிற பெண்ணுக்குத் துணையாக நின்றாள். பனிக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள் முதலில் வந்தன. அப்புறம் மெல்ல மெல்ல பஸ் வந்தது. அன்று அது இத்தனை அழகாக இருக்கிறதே என்று கண்ணை அகல விரித்துப் பார்த்தாள்.

ஆபீசர் பெயர் பாக்கியநாதன். ஒல்லியான மனிதர், கையில் ஒரு குடையும் ஒரு காகித அட்டையும் வைத்திருந்தார். இளநீரை வாங்கிக் குடித்தார். தோரணத்தைப் பார்த்து இன்று என்ன விசேஷம் என்று கேட்டார். நாட்டாமை பூடகமாகச் சிரித்தார். ஆதிகேசவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்தபடியே நின்றார். ரத்னாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், கையை விரித்தார், கண்ணை உருட்டினார். மனுஷனுக்கு சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை என்று நினைத்து அவளும் பதிலுக்கு ஒரு புன்னகை செய்தாள்.

பஸ் திரும்பிப் புறப்பட்டது. உள்ளே ஒரு ஜீவனில்லை. ஒவ்வொரு சீட்டும் கழுவிவிட்டமாதிரி இருந்தது. ஜன்னல்களில் நுழைந்த காற்று இந்தப் பக்கமாக வந்து அந்தப் பக்கமாகப் போயிற்று. தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து ரத்னா நெற்றியைக் கம்பியில் சாய்த்தாள். தூக்கம் வரவில்லை. பெருமை விடவில்லை. இவ்வளவு காலியான, இவ்வளவு கௌரவமான ஒரு பஸ் வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய்க்கொண்டிருக்கிறது, இது எங்கள் ஊர் பஸ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஏரியில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. இப்படியே பட்டணம்வரைக்கும், பட்டணத்தையும் தாண்டி, போய்க்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

பாக்கியநாதன் எழுந்து வந்து அவளுக்கு எதிர்ச் சீட்டில் உட்கார்ந்தார். தினமும் இந்த பஸ்ஸில்தான் போகிறாயா அம்மா என்று கேட்டார். ஆமாம் என்றாள். எப்போதும் இப்படித்தான் இருக்குமா என்றார்.

“எப்பவும் இப்டித்தான் சார்,” என்றாள் அவள், கூச்சத்தோடும் நிமிர்வோடும். “யாரும் ஏறமாட்டாங்க. எங்க ஜனங்க ரொம்ப மரியாதைப்பட்டவங்க சார்.”

ஆதிகேசவன் பின்னாலிருந்து இருமினார். ஆபீசர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வருத்தம் இருந்தது. பார்க்க வந்த இடத்தில் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வராத பெரியவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும். ரத்னாவுக்கு அது தெரியும்.

“எத்தனை ஆள் ஏறி இறங்குறாங்கன்னு பாக்கத்தாம்மா என்னை அனுப்பியிருக்காங்க,” என்றார். “பட்டணத்துல ஒவ்வொரு பஸ்லயும் ஜனம் தொங்கிட்டுப் போகுது. அங்க போதாத பஸ்ஸை இங்க யாருமே இல்லாத ரோட்டுல எப்படிம்மா ஓட்டறது? நல்ல ஊரு. இளநீர்கூட ருசியா இருந்தது. நான் என்ன செய்ய, சொல்லு.”

அந்த நிமிஷத்தில் ரத்னாவுக்குக் காதடைத்துப்போயிற்று. எஞ்சின் சத்தம் நின்றதுபோல் இருந்தது. நாற்றமும் நெரிசலும் சண்டையும்தான் அந்த மனிதர் பார்க்க வந்தது. கோழிதான் பார்க்க வந்தது. அவள் ஒழித்துக் காட்டியது வீட்டை அல்ல, பெண்ணையே.

சார், சார் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள். எது முன்னே எது பின்னே என்றில்லாமல் கொட்டினாள். தோரணம், பஞ்சாயத்து, சவுக்குத்தோப்பு, மாமியார், இறால், எல்லாம் குழம்பி வந்தது. ஆதிகேசவன் ஓடிவந்து, உண்மை சார், வேற நாளில் மூச்சுவிட இடமிருக்காது சார் என்றார். அதற்குள் வளைவு திரும்பியது. பனி விலகிய ரோட்டில் முள்ளிமேட்டு ஜனம் வரிசையாக, கூடையும் மூட்டையுமாக நடந்துபோய்க்கொண்டிருந்தது.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ரத்னா கத்தினாள். டிரைவர் நிறுத்தினார். அவள் படியில் தொங்கிக்கொண்டு எல்லாரையும் ஏறச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவர்கள் நல்லவர்கள். சொன்ன சொல் தவறாதவர்கள். விடியும் முன் பஸ் எதிரே வந்தபோது பனியில் ஒளிந்துகொண்டதுபோலவே, இப்போதும் பஸ்ஸைக் கண்டதும் அத்தனைபேரும் ரோட்டை விட்டு உப்பளச் சரிவில் இறங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். அவள் கெஞ்சக் கெஞ்ச, முறை தவறாமல் நடித்துக்காட்டுகிறாள், கெட்டிக்காரப் பெண் என்று இன்னும் விறைப்பாக நின்றார்கள். கங்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஜவேலு கழுத்தை அசைக்கவில்லை, அவன் வாழ்நாளிலேயே அன்று ஒருநாள்தான் தலையாட்டாமல் இருந்தான். ரத்னா இறங்கி ஓடிப்போய்ச் செல்லியம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அத்த, ஏறு அத்த. ஒன் கால்ல உழறேன், ஏறு.”

செல்லியம்மாள் திரும்பவே இல்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டே, ஆபீசர் காதில் விழவேண்டும் என்று உரக்கச் சொன்னாள்.

“யாரும்மா நீ? நாங்க வேற ஊரு.”

ரத்னா ரோட்டில் உட்கார்ந்து அழுதாள். கல்யாணப் புடவை புழுதியில் புரண்டது. அப்போதுதான் ஜனங்களுக்கு என்னவோ தப்பு என்று பட்டது, ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். விளக்கிச் சொல்லி, புரியவைத்து, சரிவிலிருந்து கூடைகளை ஏற்றுவதற்குள் பின்னால் உப்பு லாரி வந்து ஹாரன் அடிக்க, ரத்னாவை மட்டும் ஏற்றிக்கொண்டு டிரைவர் பஸ்ஸை எடுக்கவேண்டியதாயிற்று. கூட்டுரோடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே வந்துசேர்ந்தபோது முள்ளிமேட்டிலிருந்து கிழித்த டிக்கெட் ஒன்றே ஒன்றுதான். பாக்கியநாதன் அவளை நம்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நீ சொல்வதும் எழுதுகிறேன் அம்மா, ஆனால் மேலே இருப்பவர்கள் டிக்கெட்டைத்தான் படிப்பார்கள் என்றார். பொய் சொல்லாத மனிதர். அதுவே அன்றைக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

அடுத்த மாதம் பஸ் நின்றது. அறிவிப்பு, தண்டோரா எதுவும் இல்லை. ஒரு காலையில் பனிக்குள்ளிருந்து விளக்கு வரவில்லை, அவ்வளவுதான். குப்பத்தில் ஒருவர்கூட ரத்னாவை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. நாட்டாமை அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

மறுநாள் விடியலில் விழித்தவள் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணை முக்கால்வாசி மூடிப் பார்த்தாள். வெள்ளை எதுவும் வரவில்லை, ஓலைதான் தெரிந்தது. எழுந்து பழைய புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டாள். பிடித்த இறாலைப் போட்டுவைக்கும் பறியைத் தேடி எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். முடிச்சு விழவில்லை.

செல்லியம்மாள் வாசலில் கூடையைத் தலைக்கு ஏற்றப்போனவள், திரும்பிப் பார்த்தாள்.

“இன்னா பண்ணிக்கினு கீற?”

ஏரிக்கு என்றாள் ரத்னா. பஸ்தான் நின்றுவிட்டதே, நீ சொன்னதுதானே அத்தை என்றாள்.

செல்லியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து, முடிச்சு விழாத அந்தப் பறியை அவள் இடுப்பிலிருந்து அவிழ்த்து மூலையில் போட்டாள். பேச அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு தீர்ப்பைத் திரும்ப வாங்குவது அந்த வயசில் லேசான காரியமா?

“நான் அந்த ரோட்ட தெரியாம பேசிட்டேன்டி,” என்றாள். “படகுல போனேன், அப்பால பஸ்ல போனேன். நடந்து பாத்ததே இல்ல. அன்னிக்கி ஒனக்கோசரம் நடந்தேனே, கூடையோட. ஒண்ணுமே இல்ல அங்க. வெறும் காத்து. ரெண்டு பக்கமும் தண்ணி. பாம்புக்குன்னு கோல் எடுத்தாந்தேன், அத ஊணிக்கக்கூட இல்ல.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நல்லாத்தான் கீது அந்த ரோடு. போ, பொடவைய மாத்து. நேரமாவுது, கூட்டுரோட்ல பஸ்ஸ உட்றப் போற.”

வெளியே கம்பெனிக்காரர்களும் கூடைக்காரிகளும் நின்றுகொண்டிருந்தார்கள். இனி எல்லாரும் சேர்ந்தே போவது, சாயங்காலம் கூட்டுரோட்டில் ஒருவருக்கொருவர் காத்திருந்து சேர்ந்தே திரும்புவது என்று செல்லியம்மாள்தான் வீடுவீடாகப் போய்ச் சொல்லிவைத்திருந்தாள். மருமகளிடம் மட்டும் சொல்லவில்லை.

பனியில் நடந்தார்கள். ரத்னாவுக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு, முன்னால் போகிற மாமியாரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளையாக இருந்தது. செல்லியம்மாள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. கொஞ்சம் மெதுவாக நடந்தாள்.